ஆடிக்குள் ஓர் ஆனி

அத்தியாயம் 14

விஸ்வநத்தத்தில் ஆறு கிடையாது. ஆனாலும் ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் விடியற்காலையில் யோகேஸ்வரியின் கனவில் வெள்ளம் வந்தது.

தண்ணீர் அல்ல, தாள். தினசரிக் காலண்டரின் சின்னச் சின்னத் தாள்கள். அடுத்த வருஷத்துத் தேதிகள் அத்தனையும் அச்சகத்து வாசலைத் தாண்டி, சிவகாசி ரோட்டை நிறைத்து, சலசலத்துக்கொண்டு ஓடின. அவள் கரையில் நின்று ஒரே ஒரு தாளை எட்டிப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தால் அதில் தேதியே இல்லை.

விழித்தபோது பக்கத்தில் சரவணக்குமார் இல்லை. மாடி ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே அச்சகத்தின் டிசைன் அறையில் விளக்கு எரிந்தது.

காலண்டர் அடிக்கிற வீட்டில் ஆடி பதினெட்டுதான் பெரிய நாள். அடுத்த வருஷத்து மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி, பத்திரகாளியம்மன் காலடியில் வைத்து எடுத்து, வெளியூர் ஏஜெண்டுகளுக்குக் காட்டுகிற நாள். ஆல்பத்தின் முதல் தாளாக அம்மன் படம் இருக்கவேண்டும். மாமனார் காளிராஜ் நாற்பது வருஷமாகத் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் மற்ற தாளெல்லாம் தயாராகிவிட்டன. முதல் தாள் மட்டும் புதுக் கம்ப்யூட்டருக்குள் சிக்கிக் கிடந்தது.

அந்தக் கம்ப்யூட்டரால்தான் அப்பாவும் மகனும் பேச்சை நிறுத்தி நாலு நாளாகிறது.

"பழைய சிஸ்டத்துக்கு ஐப்பசிக்குப் பெறகு பாதுகாப்பு கிடையாதாம்" என்று சரவணக்குமார் புதியதை வாங்கி வந்து இறக்கிய நாள் ஆடி பன்னிரண்டு. "ஆடியில புதுசா எதையும் தொடங்குற பழக்கம் நம்ம வீட்டுல இல்ல" என்று காளிராஜ் அந்த அறைக்குள் கால் வைக்க மறுத்துவிட்டார். அன்று சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்தில் யோகேஸ்வரி ஒரு காரியம் செய்தாள். கம்ப்யூட்டரின் தேதியை மூன்று வாரம் பின்னால் தள்ளி வைத்தாள். ஜூலை ஏழு, ஆனி இருபத்துமூன்று, வளர்பிறை. கிழமைகூட மாறவில்லை, அதே திங்கள்.

மறுநாள் மாமனாரிடம் போய், "மாமா, கடையிலயே ஆனியில ஆரம்பிச்சுட்டாகளாம். தேதியைப் பாருங்க, இன்னும் ஆனிதான் ஓடுது" என்றாள்.

காளிராஜ் வந்தார். திரையின் மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சந்தனமும் குங்குமமும் கொண்டுவரச் சொல்லி, பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். யோகேஸ்வரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு சின்னப் பொய், ஒரு பெரிய சமாதானம் என்று நினைத்துக்கொண்டாள்.

சமாதானம் அன்று மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. சிஸ்டம் அன்றைக்கே முரண்டு பிடிக்கத் தொடங்கியது; ஆடியில் வாங்கியதால்தான் என்றார் அப்பா, பொட்டு வைத்ததால்தான் என்றான் மகன்.

*

யோகேஸ்வரி கீழே இறங்கி வந்தபோது சரவணக்குமார் திரைக்கு முன்னால் குனிந்தும் நிமிர்ந்தும் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, கண்ணாடியா பாக்கீக?"

"மூஞ்சியைப் பாத்துத் தொறக்குற சிஸ்டம்னு சொன்னான் கடைக்காரன். ஆறு தடவை காமிச்சிட்டேன். யாருன்னு தெரியலைங்குது."

மெஷின் ஓட்டுகிற சோலைச்சாமி வாசலில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "தம்பி நாலு நாளா சவரம் பண்ணலைல்லா. எனக்கே யாரோ எவரோன்னுதான் இருக்கு."

யோகேஸ்வரி கிட்டே போய்ப் பார்த்தாள். திரையின் மேல்விளிம்பில், நட்டநடுவில், மிளகளவில் ஒரு கண்ணாடிக் கண். நேற்று ஆடி வெள்ளி. மாமனார் பூஜை முடித்த கையோடு அந்தக் கண்ணின் மேலேயே சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டிருந்தார்.

"கண்ணுல பொட்டு வச்சா அது எப்படிப் பாக்கும்?" என்று சரவணக்குமார் மேசையைத் தட்டினான். "சிஸ்டத்துல பாதிக் கோளாறு இவரு கையாலதான்."

யோகேஸ்வரி முந்தானை நுனியால் மெல்லத் துடைத்தாள். துடைத்த குங்குமத்தை வீணாக்க மனமில்லாமல் தன் நெற்றியிலேயே இட்டுக்கொண்டாள்.

திரை திறந்தது. தினம் ஒரு காட்சி காட்டும் அந்தச் சிஸ்டம் இன்று பனிமலை நடுவே ஒரு நீல ஏரியைக் காட்டியது. கரையில் ஒற்றைப் படகு. அந்தப் படகில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு போனது.

ஏரி மறைந்ததும் தொல்லை தொடங்கியது. இத்தனை வருஷம் இடது மூலையில் இருந்த பொத்தான் நடுவுக்கு வந்துவிட்டது. ஒரு கோப்பின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் 'இன்னும் காட்டு' என்பதைத் தேடி அழுத்தவேண்டும். கேட்காமலே ஊர் வெயிலைச் சொன்னது, எங்கோ நடந்த கிரிக்கெட்டைச் சொன்னது. கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

"நம்ம வீட்டுச் சாமானையே எங்க வச்சிருக்கன்னு இதுகிட்டக் கெஞ்சிக் கேக்க வேண்டியிருக்கு" என்றார் சோலைச்சாமி. "எங்க சம்பந்தியம்மா மாதிரியே இருக்கு தம்பி."

சரவணக்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மன் தாளைத் திறக்கப் போனான். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் எழுந்தது. படம் செய்கிற சாப்ட்வேரின் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லையாம். ஐந்து நாள் பொறுத்தாயிற்றாம். இனித் திறக்காதாம்.

இணையத்தில் போய்ப் பார்க்கலாம் என்றால் எந்தப் பக்கமும் பாதுகாப்பில்லை என்று எச்சரித்தது. அதில் எழுதியிருந்ததை அவன் படிக்கவில்லை. ஐந்து நாளில் இப்படி நூறு கட்டங்களைப் பார்த்துவிட்டான். வருகிறதை வருகிற வேகத்திலேயே மூடுவது பழக்கமாகிவிட்டது.

*

பத்து மணிக்குக் காளிராஜ் வந்தார். மகனைப் பார்க்காமல் சோலைச்சாமியைப் பார்த்து நின்றார். மகனுக்கும் அவருக்கும் நடுவே மூன்றடி இருக்கும்.

"சோலை, முதல் தாளு எப்ப வரும்னு கேளு."

"தம்பி, அண்ணாச்சி கேக்காக, முதல் தாளு..."

"பெட்டி மேல சந்தனம் குங்குமம்னு அப்பிக்கிட்டே இருந்தா எப்படி வரும்னு சொல்லுங்க."

"அண்ணாச்சி, தம்பி சொல்லுதாரு..."

"காதுல விழுந்திச்சு. ஆடியில வாங்காதேன்னு சொன்னப்ப அவருக்குக் காது கேட்டுச்சான்னு கேளு."

சோலைச்சாமி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரு வார்த்தை நேரா பேசுனீகன்னா நான் மெஷினையாச்சும் பாப்பேன்."

காளிராஜின் குரல் தணிந்தது. அவர் குரல் தணிந்தால் கோபம் உச்சிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். "நாலு மணிக்குள்ள தாளு அச்சுப் பிளேட்டுக்குப் போகணும். போகலைன்னா இந்த மேசைக்குப் பழைய பெட்டி திரும்பி வரும். புதுசை வாங்குனவரு அதைத் தூக்கிக்கிட்டு எங்க வேணும்னாலும் போகட்டும்."

"போறேன்னு சொல்லுங்க. யோகுவையும் கூட்டிக்கிட்டேதான் போவேன்."

 யோகேஸ்வரி இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். சாத்தூரில் பிறந்த வீட்டில் அப்பா இல்லை. 'தாயி' என்று கூப்பிட அவளுக்கு இங்கேதான் ஒரு மனிதர் கிடைத்தார். நாலு மணிக்குப் போகப்போவது ஒரு தாள் அல்ல என்பது அவளுக்குப் புரிந்தது.

பழைய பெட்டியைப் பேப்பர் குடோனிலிருந்து தூக்கி வந்தார்கள். தூசி தட்டி இணைப்புக் கொடுத்ததும் அது இருமுகிறாற்போல் ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கண்விழித்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. காளிராஜின் முகம் மலர்ந்தது. அம்மன் தாளைத் திறந்தார்கள். இந்தக் கோப்பு புதிய பதிப்பில் செய்யப்பட்டது, எனக்குத் தெரியாது என்று அது கைவிரித்தது.

புதியது திறக்க மாட்டேன் என்கிறது. பழையதற்குத் திறக்கத் தெரியவில்லை. காளிராஜ் குடோனுக்குள் போய்விட்டார். சரவணக்குமார் பைக்கை உதைத்துக்கொண்டு சிவகாசிக் கடைக்குப் பறந்தான்.

*

மத்தியானம். மெஷின் நின்றிருந்தது. ஆடி மாதத்தில் அந்த மெஷின் நின்று அவள் பார்த்ததில்லை. தூரத்தில் ஏதோ பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்த்தார்கள். ஒன்று, பிறகு நெடுநேரம் கழித்து இன்னொன்று.

யோகேஸ்வரி டிசைன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேசையில் அடுத்த வருஷத்து மார்கழி கட்டுக்கட்டாக இருந்தது. சுவரில் இந்த வருஷத்து ஆடி தொங்கியது. திரையின் மூலையில் ஆனி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று காலத்துக்கும் நடுவே ஒரு நாற்காலியில் தான் மிதப்பதுபோல் இருந்தது அவளுக்கு. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் வேறொரு நாளில் போய் இறங்கிவிடலாம்.

சும்மாதான் இணையத்தைத் திறந்தாள். அதே எச்சரிக்கை வந்தது. மூடுகிற அவசரம் அவளுக்கு இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

*உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது.*

இன்னொரு முறை படித்தாள். படகும் ஏரியும் மார்கழியும் சட்டென்று விலகி, அறை மட்டும் மிஞ்சியது. உரிமம் ஆடியில் வாங்கியது. கம்ப்யூட்டர் ஆனியில் இருக்கிறது. இன்னும் வாங்காத ஒன்றை அது எப்படி ஏற்கும்? ஐந்து நாளும் இந்தப் பெட்டி பட்ட பாடெல்லாம் அவள் விரல்நுனியால் வந்தது.

உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. நல்லவர்களுக்கும் வருகிற நினைப்புத்தான். தேதியை இப்போதே திருத்திவிட்டால்? அரை நிமிஷம் போதும். தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். கம்ப்யூட்டர் அப்படிச் செய்யக்கூடியதுதான் என்று எல்லோரும் நம்புவார்கள்.

அவள் கை நீண்டது. சுவர்க் காலண்டரில் அம்மன் இருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, சும்மா பார்த்தாள்.

தேதி திருந்திவிடும். ஆனால் மகன் மனசில் 'அப்பா வைத்த பொட்டுத்தான் கெடுத்தது' என்பது திருந்தாது. அப்பா மனசில் 'மகனின் பிடிவாதம்தான் கெடுத்தது' என்பதும் திருந்தாது. செய்யாத தப்பை இரண்டு பேரும் காலம் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும். அது அவளுடைய தப்பு.

"தாயே, வார்த்தை தடுமாறாம மட்டும் பாத்துக்கோ" என்று எழுந்தாள்.

*

குடோனில் பேப்பர் பண்டல் ஒன்றின்மேல் காளிராஜ் உட்கார்ந்திருந்தார். மடியில் போன வருஷத்து ஆல்பம்.

"மாமா, ஒன்னு சொல்லணும். ஏசுனாலும் பரவால்ல."

"சொல்லு தாயி."

"அந்தப் பெட்டி ஆனியில ஆரம்பிச்சதுன்னு சொன்னேன்ல. அது பொய்யி. ஆடி பன்னெண்டுலதான் ஆரம்பிச்சது. நீங்க உள்ள வரணும்னு நான்தான் தேதியை மூணு வாரம் பின்னால தள்ளி வச்சேன். அதனாலதான் மாமா இம்புட்டுக் கோளாறும். அவுக மேலயும் தப்பில்ல, உங்க பொட்டு மேலயும் தப்பில்ல." தலையை நிமிர்த்தினாள். "என்னாலதான்."

காளிராஜ் ஆல்பத்தை மூடினார். அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்தது எதுவும் இல்லை.

"நாப்பது வருஷமா தேதி அடிக்கிறவன் நான்" என்றார். "மூலையில நிக்கிற ஒத்தத் தேதி தப்பா ஓடுறது எனக்குத் தெரியாமலா போகும்?"

"மாமா..."

"முதல் நாளே பாத்தேன். பாத்துட்டு உன் மூஞ்சியப் பாத்தேன். பள்ளிக்கூடத்துல தப்புக் கணக்கைக் காட்டுற பிள்ளை மாதிரி நின்ன. நான் உள்ள வரணுங்கிறதுக்காக ஒருத்தி காலத்தையே பின்னால இழுத்துப் பிடிச்சிருக்கா. நான் பொட்டு வச்சது ஆனிக்குன்னு நெனச்சியாக்கும்? உனக்கு வச்சேன்."

யோகேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பெறகு ஏன் மாமா சொல்லலை?"

"கண்டுபிடிச்சிட்டேன்னா உனக்கு வெக்கமாயிருமேன்னுதான். அதனால பெட்டிக்கு நோவு வரும்னு எனக்கு எங்கன தெரியும்?" சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நீ எனக்காக ஒளிச்ச, நான் உனக்காக ஒளிச்சேன். நடுவுல அவன் கெடந்து வெந்துருக்கான். இனி வேண்டாம் தாயி. நல்லதுக்காகன்னாக்கூட நம்ம வீட்டுல ஒளிக்கிற சோலி வேண்டாம்."

"சரி மாமா."

இரண்டு பேரும் டிசைன் அறைக்கு வந்தார்கள். சுவரைப் பார்த்த காளிராஜ் நின்றார். மணி ஒன்றே முக்கால். சனிக்கிழமை. "எமகண்டம் மூணு வரைக்கும் இருக்கே."

அவள் கை சுட்டியின் மேலேயே நின்றது. நாலு மணிக் கெடு விதித்தவரும் அவர்தான். அவர் தாடையைத் தடவி யோசித்தார்.

"தொடங்குறதுக்குத்தான் நேரம் பாக்கணும்" என்றார் கடைசியில். "தப்பைத் திருத்துறதுக்கு எந்த நேரமும் நல்ல நேரம்தான். அமுக்கு."

அமுக்கினாள். இருபத்தொரு தாள்களை ஒரே இழுப்பில் கிழித்ததுபோல் ஆனி போய் ஆடி வந்தது. திரை ஒரு மூச்சு தயங்கியது. சாம்பல் கட்டம் வரவில்லை. அம்மன் முகம் மெல்ல மெல்ல, மேலிருந்து கீழாக, நெற்றி முதலில், கண்கள் பிறகு என்று வந்து நின்றது. காளிராஜ் செருப்பைக் கழற்றிவிட்டார்.

பிறகு போனை எடுத்தார்.

"ஏலே சரவணா, எங்கன இருக்க? ... திரும்பி வா. ... தப்பு சிஸ்டத்துலயும் இல்ல, உன்கிட்டயும் இல்லலே. நானும் உன் பொண்டாட்டியும் பாத்த வேலை. வா, சொல்லுதேன். மெதுவா வா, காத்து அடிக்குது."

நாலு நாளைக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் பேச்சு அது. 'உன் பொண்டாட்டி' என்பதற்கு முன்னால் 'நானும்' என்று ஒரு சொல்லை அவர் வைத்ததை யோகேஸ்வரி கவனித்தாள். குளிருக்குப் போர்த்துகிற துண்டைப்போல் அந்தச் சொல் அவள்மேல் விழுந்தது.

*

மூன்றே முக்காலுக்குத் தாள் பிளேட்டுக்குப் போயிற்று. நாலரைக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. அந்தத் தாளச் சத்தத்தில் கட்டடமே மூச்சு விட்டாற்போல் இருந்தது.

"இனி நான் நடுவுல நிக்க வேண்டாம்ல?" என்று சோலைச்சாமி கத்தினார்.

"நிக்காதீங்கண்ணே, அங்கன மையைப் பாருங்க" என்று அப்பாவோடு சேர்ந்து முதல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த சரவணக்குமார் கத்தினான். விஷயத்தைக் கேட்டதும் அவன் கோபிப்பான் என்றுதான் யோகேஸ்வரி பயந்திருந்தாள். அவனோ தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "காலண்டர்க் கம்பெனிடி இது. ஆயிரம் தேதிக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு ஒரு தேதியை நான் பாக்கலையே" என்று சிரித்தான்.

ஐந்து மணிக்கு அவள் கம்ப்யூட்டரை அணைக்க உட்கார்ந்தாள். ஏரி வந்தது. படகு அதே கரையில் இருந்தது. இனி இதோடு பழகிவிடலாம் என்று தோன்றியது.

அப்போது திரையின் ஓரத்தில் சின்ன மணி அடித்தது. ஒரு நினைவூட்டல். சரவணக்குமார் சிஸ்டம் வாங்கின அன்றே எழுதி வைத்தது போலிருக்கிறது. தேதி ஆனியிலேயே நின்றிருந்தால் இன்னும் மூன்று வாரம் அது தூங்கியிருக்கும்.

*நாளை மாலை 4 மணி. சாத்தூர். மணிகண்டராஜ் மச்சான். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்.*

மணிகண்டராஜ் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

"என்ன தாயி, மணி அடிச்சது?" காளிராஜ் வாசலில் நின்றார். மை காயாத அம்மன் தாளை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. அங்கிருந்து அவருக்கு எழுத்துத் தெரியாது.

'மூடு' என்ற பொத்தான் அவள் விரலடியில் இருந்தது. ஒரு அமுக்குத் தூரம். மத்தியானம் 'சரி மாமா' என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

யோகேஸ்வரி சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். திரையை மறைக்காமல் ஒதுங்கி நின்றாள்.

"உங்க மகனுக்கு ஒரு சேதி மாமா. அவுக வாயாலயே சொல்லட்டும்" என்றாள். பிறகு மெஷின் சத்தத்துக்கு மேலாக, "ஏங்க, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள்.

சரவணக்குமார் கையில் ஒட்டிய மையைத் துணியில் துடைத்துக்கொண்டே, அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே வந்தான். திரையை அவன் இன்னும் பார்க்கவில்லை.